நகரி மலையும் பல்லாவரம் கல்லும்

அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் ரயில் புத்தூரை நெருங்கும்போது நம்மவர்கள் எலும்பு முறிவுக்கான புத்தூர்க் கட்டைப் பற்றிப் பேசுவார்கள். நகரி மூக்கு மலையைக் குழந்தைகளுக்குக் காட்டுவார்கள். இம்மலையின் கல்லுக்கும், தமிழகத்தில் வாழ்ந்த மிகப் பழைய மனிதர்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அம்மனிதர்களின் கருவிகளை முதன்முதலில் கண்டெடுத்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் ஆங்கிலேயர் ஆவார்.

அவர் 1834-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். 1858-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்தில் பணியாற்றினார். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்த பெர்சிவல் பாதிரியார் அவருடைய மாமனார். ஊர் ஊராகச் சென்று, எந்தப் பாறையின் மேல் எந்தப் பாறை படிந்துள்ளது என்று கண்டு வரைபடம் தயாரிப்பதே ஃபூட்டின் உத்தியோகம்.

1863 மே 30 அன்று, பல்லாவரம் ராணுவத் திடலை அடுத்த சரளைக் குழி ஒன்றில் செதுக்கப்பட்ட கல் ஒன்று அவர் கண்ணில் பட்டது. அது ஆதிமனிதனின் கைக்கோடரி! அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்ற சக அதிகாரியுடன் சென்று, கொசஸ்தலை ஆற்றை அடுத்த அதிரம்பாக்கத்தில் இன்னும் பல கருவிகளைக் கண்டார்.

ஆனால் இவை தானாக உடைந்த கற்கள் என்று யாரும் தள்ளிவிடக்கூடும். இங்கேதான் நிலவியல் கை கொடுத்தது. புழு குடைந்த வளையும், விலங்கின் காலடியும் பாறையில் பதிந்திருந்தால் அவற்றைத் தடப் புதைபடிவம் என்பர். உடல் அழிந்தாலும் செய்த வேலையின் தடம் நிற்கும். கைக்கோடரியும் அப்படிப்பட்ட ஒரு தடமே. அது எந்த அடுக்கில் புதைந்திருக்கிறது என்பதே அதன் பழமைக்குச் சாட்சி. செம்பராங்கல் அடுக்கில் கிடைத்த கருவிகளை ஃபூட் அவ்வாறே ஆராய்ந்து, 1866-இல் வெளியிட்டார்.

பாலாற்றுக்கு வடக்கே, அன்றைய வடஆற்காடு மாவட்டப் பகுதிகளைப் பற்றிய அவரது அறிக்கை 1873-இல் வெளிவந்தது. நகரி மலையின் குவார்ட்சைட் பாறை, நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் ஆழமற்ற நீரில் படிந்த மணல் இறுகியது. அந்நீரின் அலைத் தடங்களை இன்றும் இப்பாறைகளில் காணலாம். காலப்போக்கில் இவ்வகைப் பாறைகள் உடைந்து, உருண்டு, கூழாங்கற்களாகிச் சத்தியவேடு பக்கத்து அடுக்குகளில் சேர்ந்தன. அக்கூழாங்கற்களே ஆதிமனிதனுக்குக் கருவி செய்ய உதவின.

1884-இல் கர்நூல் பகுதியின் பில்லசர்கம் குகைகளையும் ஃபூட் தோண்டி ஆராய்ந்தார். 1891-இல் ஓய்வு பெற்ற பின் பரோடா சமஸ்தானத்துக்காகவும் உழைத்தார். வாழ்நாளெல்லாம் சேர்த்த கருவிகளைச் சென்னை அருங்காட்சியகம் 1904-இல் வாங்கிக்கொண்டது. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அவர் காலமானார். அவரது நினைவுச் சின்னம் ஏற்காட்டுத் தேவாலயத்தில் உள்ளது.

அதிரம்பாக்கத்தின் மிகப் பழைய கருவிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். ஃபூட் காலத்தில் அந்த எண்ணைக் கணக்கிட வழியில்லை. ஆயினும் கருவி கிடந்த அடுக்கை நம்பிய அவரது கணிப்பு வீண் போகவில்லை. விடுப்பில் ஊருக்குப் போகிறவர்கள் திருவள்ளூரை அடுத்த பூண்டி அருங்காட்சியகத்தில் இத்தகைய கற்கருவிகளைக் கண்டு வரலாம்.