ஜெனரல் டிகால்

நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943 டிசம்பர் 30-ஆம் நாள் நம் போர்ட் பிளேரில் தேசக் கொடியை ஏற்றிய வரலாற்றை அபர்டீன் பஜாரில் வளரும் குழந்தைகளும் அறிவர். தாய்நாட்டுக்கு வெளியே நின்று அதன் விடுதலைக்குப் படை நடத்தியவர் அவர். அதே போரில் எதிர் அணியிலிருந்து, அவ்வாறே அயல்நாட்டில் நின்று தம் நாட்டை மீட்கப் போராடியவர் பிரெஞ்சுத் தலைவர் டிகால். அவர் வாழ்க்கை புதுவைத் தமிழர் வாழ்வோடும் பிணைந்ததாதலின், அதனை இம்மலரில் சுருங்கக் கூற விழைகின்றேன்.

சார்லஸ் டிகால் 1890 நவம்பர் 22-ஆம் நாள் பிரான்சின் லீல் நகரில் பிறந்தார். முதல் உலகப் போரில் வெர்தன் களத்தில் காயமுற்றுச் சிறைப்பட்டார். 1940 ஜூனில் பிரான்சு வீழ்ந்தபோது, முதிய தளபதி பெத்தேனின் அரசு ஜெர்மனியிடம் பணிந்தது. டிகாலோ லண்டன் சென்று, ஜூன் 18 அன்று வானொலி வாயிலாகப் போரைத் தொடர அறைகூவினார். பெத்தேன் அரசின் இராணுவ நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. அத்தகைய வேளையில் அவர் பக்கம் சேர்ந்த நிலங்களுள் புதுவையும் ஒன்று. 1940 செப்டம்பரில் கவர்னர் போன்வேன் அவருக்கு ஆதரவு அறிவித்தார். பிரெஞ்சிந்தியர் சிலரும் அவர் படையில் சேர்ந்தனர். அன்று டிகால் நெறி என்பதற்குப் பகைவனுக்குப் பணியாமை என்பதே பொருள்.

1944 ஆகஸ்டில் பாரிஸ் மீண்டது. ஆயினும், தம் நாட்டுக்கு வேண்டிய விடுதலையைப் பிறர்க்கு அளிக்க அவர் மனம் அப்போது இசையவில்லை. அவ்வாண்டின் பிரஸாவில் மாநாடு, குடியேற்ற நாடுகளுக்குத் தன்னாட்சி இல்லையென்றது. 1945 மே மாதம் அல்ஜீரியாவில் விடுதலை கேட்டோர் ஆயிரக்கணக்கில் மாண்டபோது அரசின் தலைவர் அவரே. இக்குறையை மறைத்தல் வரலாறு ஆகாது.

1946-இல் அவர் பதவி துறந்தார். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று புதுவை நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956-இல் ஒப்பந்தம் கையெழுத்தாகியும் பிரெஞ்சுப் பாராளுமன்றத்தின் இசைவு ஆறாண்டு தாமதமாயிற்று.

1958-இல் டிகால் மீண்டும் ஆட்சிக்கு வந்தார். அல்ஜீரியாவைக் கைவிடார் என நம்பியே பலர் அவரை அழைத்தனர். அவரோ, பிறர் நிலத்தைப் பற்றி நிற்பது பிரான்சுக்கே தளையென உணர்ந்து, 1962 ஜூலையில் அதற்கு விடுதலை அளித்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 16 அன்று புதுவையும் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. ஆறே நாளில், அல்ஜீரியாவை விட்டமை துரோகமெனக் கருதிய கூட்டத்தார் பாரிஸ் அருகே அவர் காரைச் சுட்டனர். மனைவியுடன் அவர் உயிர் தப்பினார்.

1969-இல் மக்கள் வாக்கெடுப்பில் தோற்றதும் பதவி விலகினார். 1970 நவம்பர் 9 அன்று காலமானார். அவர் எழுதி வைத்தபடி, அரசுச் சடங்கின்றி, கொலொம்பே சிற்றூரில் தம் அருமை மகள் ஆன் கல்லறையருகே அடக்கம் செய்யப்பட்டார்.

இன்று பிரான்சில் பல கட்சியினர் அவர் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்கின்றனர். அன்று அவரைத் தூற்றியோரின் அரசியல் வழிவந்தோரும் அவருள் அடங்குவர். அன்னியரை விலக்குவதே டிகால் நெறி என்பாரும் உளர். வல்லரசுகளுக்கு அஞ்சாமையே அந்நெறி என்பாரும் உளர். நாட்டுப்பற்று என்னும் சொல் ஒன்றே. 1945-இல் அது அல்ஜீரியரை ஒடுக்கியது, 1962-இல் விடுவித்தது. தாயகம் விட்டு வந்து தமிழின் பெயரால் சங்கம் கண்டுள்ள நாமும் இதனை எண்ணுதல் நன்று. முன்னோர் விட்டுச் சென்ற பெயருக்குப் பொருள் தருவது நம் செயலே.