வளரும் நுனியை வாசித்த பெண்மணி

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்குப் பாடநூலுக்கு வெளியே அறிமுகமான தாவரவியலாளர் ஒருவர் உண்டு. அவர்தான் எடவலத் கக்கட் ஜானகி அம்மாள். அவருடைய வாழ்க்கையை என் தோழிகளும் அவர்களது பெற்றோரும் அறியவேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

1897 நவம்பர் 4 ஆம் திகதி, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலைச்சேரியில் அவர் பிறந்தார். தந்தை நீதித்துறையில் பணிபுரிந்தவர். செடிகொடிகளிலும் பறவைகளிலும் ஈடுபாடு கொண்டவர். பெரிய குடும்பம். சகோதரிகள் மணமுடித்துச் செல்ல, ஜானகி படிப்பையே தேர்ந்துகொண்டார். சென்னை இராணி மேரி கல்லூரியிலும் பின்னர் மாநிலக் கல்லூரியிலும் கற்று, 1921 இல் தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். மகளிர் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்துக்கொண்டிருந்தபோது, ஆசியப் பெண்களுக்கான பார்பர் புலமைப்பரிசில் கிடைத்தது. கடல் கடந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்றார். 1931 இல் அறிவியலில் டாக்டர் பட்டம் பெற்றார்.

அவருடைய துறை, தாவரக் கலங்களில் உள்ள நிறமூர்த்தங்களை ஆராய்வது. வெங்காயத்தின் வேர்நுனியை நசுக்கிச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஒரு செடி உடல் முழுவதும் ஒரே சீராக நீள்வதில்லை. வேரின் நுனியிலும் தண்டின் நுனியிலும் உள்ள பிரியிழையத்தில்தான் கலங்கள் ஓயாமல் பிரிகின்றன. பிரிந்தவை பின்னர் நீண்டு, நீர் கொண்டுசெல்லும் காழாகவும் உணவு கொண்டுசெல்லும் உரியமாகவும் மற்ற இழையங்களாகவும் மாறுகின்றன. ஜெயபுரத்தில் எங்கள் வளவில் உம்மா மிளகாய்க் கன்றின் கொழுந்தைக் கிள்ளிவிடுவார். நுனியில் உருவாகும் ஒட்சின் கீழே வராது நின்றதும், உறங்கிக் கிடந்த பக்க அரும்புகள் கிளைகளாக வெடிக்கும். உம்மா அதைப் பள்ளியில் படித்ததில்லை. செடியைப் பார்த்தே அறிந்துகொண்டார்.

அந்த நுனிக் கலங்களில் நிறமூர்த்தங்களை எண்ணுவதுதான் ஜானகி அம்மாளின் வேலை. வெங்காயத்துக்கு 16, மனிதருக்கு 46, தடித்த இனிப்புக் கரும்புக்கு 80. இலகுவான கணக்குப்போலத் தோன்றினாலும், கண்ணும் பொறுமையும் தேய்ந்துபோகும் வேலை அது. 1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர்க் கரும்பு இன விருத்தி நிலையத்தில் பணியாற்றினார். இனிப்புக் கரும்பு வெளிநாட்டிலிருந்து வந்தது. கடுங்குளிரையும் வறட்சியையும் தாங்காது. மெலிந்த காட்டுக் கரும்போ எதையும் தாங்கும். இரண்டையும் கலந்து புதிய இனங்களை உருவாக்கும் பணி அவர் வருமுன்னரே அங்கு தொடங்கியிருந்தது. அவர் காட்டுக் கரும்பின் நிறமூர்த்தங்களை ஆராய்ந்தார். கரும்பைச் சோளன் முதலிய மற்றப் புல்லினங்களோடும் கலந்து பார்த்தார்.

1939 இல் மரபியல் மாநாடு ஒன்றுக்காக எடின்பரோ சென்றபோது உலகப்போர் மூண்டது. இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். குண்டுகள் விழுந்த ஆண்டுகளிலும் இலண்டனில் ஜோன் இன்னஸ் நிறுவனத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். 1945 இல் டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிர்த் தாவரங்களின் நிறமூர்த்த அட்டவணையை நூலாக வெளியிட்டார்.

அடுத்து விஸ்லி தோட்டத்தில் அவர் செய்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. நம் வேலிகளில் படரும் கார்த்திகைப் பூச் செடியில் கொல்சிசின் என்ற நஞ்சு உண்டு. கலம் பிரியும்போது, இரட்டித்த நிறமூர்த்தங்களை இருபுறமும் இழுக்கும் கதிர்நார்களை அது உருவாகவிடாது. கலம் இரண்டாகாமல், இருமடங்கு நிறமூர்த்தங்களோடு நின்றுவிடும். அதிலிருந்து வரும் கலங்களும் அவ்வாறே இருக்கும். மக்னோலியா இளஞ்செடிகளின் வளர்நுனியில் அவர் இதை இட்டார். தடித்த இலைகளும் தடித்த இதழ்களும் கொண்ட மரங்கள் வளர்ந்தன. அவற்றில் ஓர் இனம் இன்றும் அவர் பெயரைத் தாங்கிப் பூக்கிறது.

1951 இல் நேருவின் அழைப்பை ஏற்று நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் அளவீட்டுத் துறையைச் சீரமைக்க உழைத்தார். 1977 இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அப்போது கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டம் பேசப்பட்டது. செடிகளை மாற்றுவதில் கைதேர்ந்த அவர், எவரும் நடாத அந்தக் காட்டை அப்படியே விடவேண்டும் என்றவர்களோடு நின்றார். எண்பது வயதைக் கடந்தும் அக்காட்டுத் தாவரங்களின் நிறமூர்த்தங்களை ஆராய்ந்தார். 1984 பெப்ரவரி 7 ஆம் திகதி சென்னைக்கு அருகே மதுரவாயலில் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

பெற்றோரிடம் எனக்குச் சொல்ல ஒன்றுண்டு. கெட்டித்தனமாகப் படித்தும் சாதாரண தரத்தோடு நின்றுவிட்ட அக்காமார் என் ஊரில் இருக்கிறார்கள். தூரம் என்பதே பெரும்பாலும் காரணம். நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் தனியே மிச்சிகன் வரை போனார். இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் எங்கள் கிளிநொச்சி மாவட்டத்திலேயே, அறிவியல் நகரில் இருக்கிறது. அங்கே படிக்கவேண்டும் என்பது என் ஆசை. உம்மாவிடமும் வாப்பாவிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன், அவர்கள் யோசிக்கிறார்கள்.