கேசத் தைலம் விற்று உயர்ந்த வாக்கர் அம்மையார்

நம்மவர் கடைகளில் அரிசி, பருப்பு, மசாலாச் சாமான்களுக்கு அடுத்தபடியாகத் தட்டை நிறைத்து நிற்பவை தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்ப் போத்தல்களே. வாங்க வருகிறவர் இதைத் தேய்த்தால் முடி வளருமா என்று கேட்பார். விற்கிறவர் வளரும் என்று சொல்லிக் காசைக் கல்லாவில் போடுவார். எண்ணெய்க்கும் முடிக்கும் என்ன சம்பந்தம் என்பதை இருவருமே யோசிப்பதில்லை. அதை யோசித்து, அதையே தொழிலாக்கி உயர்ந்த ஒரு பெண்மணியின் சரித்திரத்தை வியாபாரிகளாகிய நாம் அறிந்திருப்பது நலம்.

அமெரிக்காவில் லூசியானா மாநிலத்து டெல்டா என்னும் ஊரில், 1867 டிசம்பர் 23 அன்று சாரா பிரீட்லவ் பிறந்தார். பெற்றோர் பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற கறுப்பினத்தார். ஏழு வயதில் தாயும் தந்தையும் இல்லாத அநாதையானார். பதினான்கு வயதில் விவாகம். 1885ல் ஒரு பெண் குழந்தை. இருபது வயதில் கைம்பெண். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, சகோதரர்கள் நாவிதத் தொழில் நடத்திவந்த செயின்ட் லூயிஸ் நகரம் போய்ச் சேர்ந்தார். அங்கே பிறர் துணி வெளுத்துப் பிழைத்தார். நாளெல்லாம் தொட்டியில் குனிந்து நின்றாலும் ஒன்றரை டாலருக்கு மேல் கிட்டுவது அரிது. அந்தக் கூலியில்தான் மகளைப் படிக்கவைத்தார்.

அக்காலத்தில் அவருடைய தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரத் தொடங்கிற்று. இந்தத் துன்பம் அவர் ஒருவருக்கு மட்டுமல்ல. ஏழைகள் வீட்டில் குழாய்த் தண்ணீர் கிடையாது. குளிர்காலத்தில் மாதத்துக்கு ஒருதடவை தலைக்கு ஊற்றுவதே பெரிது. ஊற்றினாலும் தேய்ப்பது காரம் மிகுந்த சவர்க்காரம். ஆகவே பொடுகும் புண்ணும் சேர்ந்து முடியைத் தின்றன.

இதன் காரணத்தை இங்கே சற்று விளங்கிக்கொள்வோம். நம் கண்ணுக்குத் தெரியும் முடி, நகத்தைப் போலவே உயிரற்ற பொருள். கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. உயிருள்ள பாகம் தோலுக்கடியில் உள்ள சிறு குழியிலேதான் இருக்கிறது. அங்கிருந்து மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வீதம் முடி வளர்கிறது. தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உண்டு. தினந்தோறும் 50 முதல் 100 வரை உதிர்வது இயற்கையே. அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. தலைத்தோலில் ஊறும் எண்ணெய்ப் பசையைத் தின்று கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பூஞ்சை வாழ்கிறது. அது மிஞ்சினால் தோல் அரித்துச் செதில் செதிலாக உரிகிறது. அதுவே பொடுகு. தோல் புண்பட்டால் முடியும் தங்காது.

சாரா பல மருந்துகளைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு ஆனி மலோன் என்ற கறுப்பினப் பெண்மணி தயாரித்த கேச மருந்தை விற்கும் ஏஜெண்டானார். 1905ல் டென்வர் நகருக்குப் போய், சொந்தமாகவே ஒரு தைலம் தயாரிக்கத் தொடங்கினார். மறு வருஷம் சார்லஸ் ஜோசப் வாக்கர் என்பவரை மணந்து, மேடம் சி. ஜே. வாக்கர் என்ற பெயரையே சரக்குக்கும் சூட்டினார். மலோன் அம்மையார், தம் சரக்கைப் பார்த்துச் செய்த போலி என்று குறை கூறினார். உண்மையில் கந்தகமும் வாசலைனும் சேர்ந்த களிம்பு இருவருக்கும் முன்பே மருந்துக்கடைக்காரர்கள் அறிந்திருந்த பண்டம். வாக்கர் அம்மையாரின் தைலத்தில் அவற்றோடு தேன்மெழுகும் தேங்காய் எண்ணெயும் வாசனையும் சேர்ந்தன. கந்தகம் பூஞ்சையை அடக்கும். எண்ணெயும் மெழுகும் முடி வறண்டு ஒடியாமல் காக்கும்.

அம்மையாரின் சாமர்த்தியம் களிம்பில் மட்டும் இல்லை. முதலில் தலையை அடிக்கடி கழுவ வேண்டும், பிறகு தைலம், பிறகு பல் அகன்ற சூட்டுச் சீப்பு என்று ஒரு முறையை வகுத்து, வீடு வீடாகப் போய்ச் செய்து காட்டினார். சூட்டுச் சீப்பை அவரே கண்டுபிடித்தார் என்று பலர் சொல்வது சரியல்ல. அது முன்னரே இருந்தது. 1908ல் பிட்ஸ்பர்க் நகரில் ஒரு பயிற்சிப் பள்ளி, 1910ல் இண்டியானாபோலிஸ் நகரில் தொழிற்சாலை என்று வியாபாரம் வளர்ந்தது. துணி வெளுத்தும் சமைத்தும் பிழைத்துவந்த ஆயிரக்கணக்கான பெண்கள் அவரிடம் தொழில் கற்று, சொந்தக் காலில் நின்றார்கள்.

1912ல் சிகாகோவில் நீக்ரோ வர்த்தகக் கழகத்தின் மாநாடு கூடிற்று. தலைவர் புக்கர் வாஷிங்டன் அவருக்குப் பேச இடம் தரவில்லை. கடைசி நாளன்று அம்மையார் தாமாகவே எழுந்து, பருத்திக்காட்டிலிருந்து தொட்டிக்கும் தொட்டியிலிருந்து தொழிற்சாலைக்கும் வந்த கதையைச் சபையறியச் சொன்னார். மறு வருஷ மாநாட்டில் அதே தலைவர் அவரைப் பேச்சாளராக அழைத்தார். 1917ல் தம் ஏஜெண்டுகளை பிலடெல்பியாவில் கூட்டி, அதிகம் விற்றவர்களோடு அதிகம் தருமம் செய்தவர்களுக்கும் பரிசளித்தார். அதே வருஷம், கறுப்பினத்தாரைக் கும்பல் கூடிக் கொல்லும் கொடுமையை நிறுத்தக் கோரி வெள்ளை மாளிகைக்குச் சென்ற குழுவில் அவரும் இருந்தார். ஜனாதிபதி வில்சன் அவர்களைப் பார்க்கவில்லை. ஆயினும் அம்மையார் சோர்ந்துவிடாமல், அந்தப் போராட்டத்துக்கென 5,000 டாலர் ஒதுக்கினார்.

இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் முற்றி, 1919 மே 25 அன்று தமது 51ம் வயதில் காலமானார். அவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு சுமார் 6 லட்சம் டாலர். வருங்கால லாபத்தில் பெரும்பங்கு தருமத்துக்கென உயிலில் எழுதியிருந்தார். அவர் பெயரால் இண்டியானாபோலிஸில் 1927ல் திறந்த கட்டடம் இன்றும் நிற்கிறது.

அவருடைய சரக்கின் பெயர் அற்புதக் கேச வளர்ப்பான் என்பது. எந்தத் தைலமும் செத்த குழியில் முடியை முளைக்கச் செய்யாது. பரம்பரையாக வரும் வழுக்கைக்கு அது மருந்தாகாது. தோல் நோயால் தடைப்பட்ட முடிக்கு அவர் வழி திறந்தார், அவ்வளவுதான். பெயர் வாக்களித்தது அதிகம். ஆனாலும் கழுவும் முறையையும் சேர்த்துக் கற்பித்தபடியால் வாங்கினவர்கள் பலன் கண்டார்கள், திரும்பவும் வந்தார்கள். எண்ணெய் விற்கிற நாமும் போத்தலோடு நல்ல வார்த்தை நான்கு கொடுப்போம்: தலையைச் சுத்தமாக வையுங்கள், நகத்தால் சொறியாதீர்கள், எண்ணெய் முடியைக் காக்குமேயன்றி முளைப்பிக்காது, திடீரென்று கொத்தாகக் கொட்டினால் வைத்தியரிடம் போங்கள். இதனால் அன்றைக்கு ஒரு போத்தல் விற்காமல் போகலாம். ஆனால் வாடிக்கைக்காரர் நம்மை விட்டுப் போகமாட்டார்.