பரோடா வேலையை உதறிய அம்பேத்கார்

விதான சவுதா பக்கம் போகிறவர்கள் டாக்டர் அம்பேத்கார் சிலையைப் பார்க்காமல் வர முடியாது. அதன் முன்னால் ஓடும் சாலைக்கும் அவர் பெயர்தான். அவர் அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவராக இருந்தார், பெரிய பெரிய பட்டங்கள் பெற்றார் என்பதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவரும் ஒரு காலத்தில் கோட்டு மாட்டிக்கொண்டு காலை 10 மணிக்கு ஆபீசுக்குப் போய், பைல் பார்த்து, வாடகைக்கு இடம் கிடைக்காமல் திண்டாடிய உத்தியோகஸ்தர் என்பது பலருக்குத் தெரியாது. அந்த உத்தியோகத்தை அவர் விட்ட விதம் கேட்கத் தகுந்தது.

அம்பேத்கார் 1891-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி, மத்திய இந்தியாவில் மாவ் என்ற ராணுவ முகாம் ஊரில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். பிள்ளைகளில் இவர் 14-வது. மராட்டியத்தில் மகார் என்னும் சமூகம். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகளோடு உட்கார முடியாது. வீட்டில் இருந்து சாக்குத் துண்டு கொண்டு போய் அதன் மேல் உட்கார வேண்டும். தாகம் எடுத்தால் பியூன் வந்து ஊற்ற வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை.

ஆனாலும் படித்தார். 1907-ல் மெட்ரிகுலேஷன் பாஸ் செய்தார். அந்தக் காலத்தில் அவருடைய சமூகத்தில் அது பெரிய சங்கதி. மேலே படிக்கத் தந்தையிடம் பணம் இல்லை. அப்போது கை கொடுத்தவர் பரோடா மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாட். தம்முடைய ராஜ்யத்தில் 1906-லேயே கட்டாய இலவசக் கல்வி கொண்டு வந்தவர் அவர். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கொடுத்தார். அதைக் கொண்டு பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து அம்பேத்கார் பி.ஏ. ஆனார்.

சூரத் ஸ்டேஷனில்...

உதவி செய்த மகாராஜாவிடமே 1913 ஜனவரியில் வேலைக்குச் சேர்ந்தார். ஆனால் சில நாட்களுக்குள் பம்பாயில் இருந்து தந்தி வந்து விட்டது. தந்தைக்கு உடம்பு முடியவில்லை. உடனே ரெயில் ஏறினார். வழியில் சூரத் ஸ்டேஷனில் வண்டி நின்றது. தந்தைக்கு மிட்டாய் வாங்கிப் போகலாம் என்று இறங்கினார். திரும்பி வருவதற்குள் வண்டி கிளம்பி விட்டது. அடுத்த வண்டி பிடித்து அவர் வீடு போய்ச் சேர்ந்தபோது ராம்ஜியின் உயிர் ஊசலாடிக் கொண்டிருந்தது. பிப்ரவரி 2-ந் தேதி அவர் காலமானார்.

அதே வருஷம் மகாராஜா இன்னொரு உதவி செய்தார். அமெரிக்காவுக்குப் போய்ப் படிக்க மூன்று வருஷத்துக்குப் பணம் தருவதாகச் சொன்னார். சும்மா அல்ல. படிப்பு முடிந்து வந்தபின் பரோடா அரசாங்கத்தில் 10 வருஷம் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். 22 வயது இளைஞர் கையெழுத்துப் போட்டார்.

நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். எம்.ஏ. ஆனார். டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சியும் எழுதி முடித்தார். 1916-ல் லண்டன் போய்ப் பொருளாதாரமும் சட்டமும் சேர்ந்து படிக்கத் தொடங்கினார். அதற்குள் உதவித்தொகைக் காலம் முடிந்து விட்டது. மீதியை நாலு வருஷத்துக்குள் வந்து முடித்துக் கொள்ள அனுமதி வாங்கிக்கொண்டு, 1917 ஆகஸ்டில் பம்பாய் திரும்பினார். முதல் உலக யுத்தம் நடந்து கொண்டிருந்த நேரம் அது. அவர் வந்த கப்பல் பத்திரமாக வந்தது. அவருடைய புத்தகங்களும் சாமான்களும் வந்த கப்பல் குண்டுபட்டுக் கடலில் மூழ்கியது. அதற்குக் கிடைத்த நஷ்ட ஈட்டில்தான் பரோடா பயணச் செலவைப் பார்த்துக் கொண்டார்.

தங்க இடம் இல்லை

பரோடா ஸ்டேஷனில் இறங்கினார். அவரை வரவேற்று அழைத்து வர வேண்டும் என்று மகாராஜா உத்தரவு போட்டிருந்தார். யாரும் வரவில்லை. மகார் ஒருவர் பெரிய உத்தியோகத்துக்கு வருகிறார் என்ற செய்தி மட்டும் ஊருக்குள் முன்னாலேயே வந்து விட்டது.

எங்கே தங்குவது? புது ஊருக்குப் பிழைக்க வந்து, வீட்டுக்காரர் வாசலில் நின்று, நீங்கள் என்ன ஆளுங்க என்ற கேள்விக்குப் பதில் சொன்னவர்களுக்கு இந்த இடம் நன்றாக விளங்கும். நாலு வருஷம் வெளிநாட்டில் இருந்ததில் தாம் தீண்டத்தகாதவர் என்ற நினைப்பே அவருக்கு மறந்து போயிருந்தது. ஸ்டேஷனில் இறங்கியதும் அது திரும்ப வந்தது. இந்து ஓட்டல்களில் சேர்க்க மாட்டார்கள். வேறு பெயர் சொல்லிப் போகலாம். கண்டுபிடித்தால் அடி விழும். பார்சிக்காரர்களின் சத்திரம் ஒன்று இருப்பதாகத் தெரிந்து, குதிரை வண்டி பிடித்து அங்கே போனார். பார்சி மதத்தில் தீண்டாமை கிடையாதே என்று நம்பினார்.

மாடியில் இடம் காட்டினார் சத்திரக் காவலர். வயதான பார்சி. சட்டையைக் கழற்றியபோது பார்சிகள் அணியும் உள்சட்டையும் இடுப்புக் கயிறும் இல்லாததைப் பார்த்து விட்டார். நீ யார் என்று கேட்டார். இந்து என்றார் அம்பேத்கார். பார்சி அல்லாதவருக்கு இங்கே இடமில்லை என்று கையை விரித்தார் காவலர். பிறகு ஒரு வழி பிறந்தது. பதிவுப் புத்தகத்தில் ஒரு பார்சிப் பெயரை எழுதிக்கொண்டு தங்கலாம். வேறு விருந்தாளியே இல்லாத சத்திரம். காவலருக்கும் நாலு காசு கிடைக்கும். சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றரை ரூபாய் என்று பேசி முடித்தார்கள்.

கொலம்பியாவில் படித்த மனிதர், பொய்ப் பெயரில் சத்திரத்தில் குடியேறினார்.

அந்த மாடி ஒரு பெரிய கூடம். உடைந்த பெஞ்சும் கிழிந்த புத்தகமும் குப்பையும் போட்டு வைத்திருந்த இடம். ஓரத்தில் ஒரு சின்ன அறை அவருக்கு. மின்சார விளக்கு இல்லை. ராத்திரி ஒரு அரிக்கேன் விளக்கு கொண்டு வந்து வைப்பார் காவலர். அதன் வெளிச்சம் சில அங்குலத்துக்கு மேல் போகாது. இருட்டில் வௌவால்கள் பறக்கும். பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. பம்பாயில் இருந்து மீதிச் சாமான்களைக் கொண்டு வந்த சகோதரியின் மகன், மாமா இருந்த நிலையைப் பார்த்து வாய்விட்டு அழுதான். அவனைத் திருப்பி அனுப்பி விட்டார்.

காலை 10 மணிக்கு ஆபீசுக்குக் கிளம்பினால் ராத்திரி 8 மணிக்குத்தான் திரும்புவார். முடிந்த மட்டும் வெளியில் இருக்கவே பார்ப்பார்.

ஆபீஸ் என்ன சொர்க்கமா? அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீசில் அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். பின்னால் நிதி மந்திரி ஆக்கலாம் என்பது மகாராஜாவின் எண்ணம். ஆனால் பியூனுக்கு அந்த எண்ணம் இல்லை. பைலைக் கையில் கொடுக்காமல் தூரத்தில் நின்று மேஜை மேல் எறிவான். அவர் எழுந்து போகும்போது தரை விரிப்பைச் சுருட்டிக் கொள்வார்கள். ஆபீசில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. அந்தப் பியூன்களுக்கு அவருடைய சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இருந்திருக்காது, படிப்பும் இருந்திருக்காது. ராஜா நல்லவர்தான். ஆனால் பைலைத் தூக்கிக் கொண்டு வருகிறவர் ராஜா அல்லவே.

கம்புகளோடு வந்தார்கள்

பதினோராம் நாள் காலை. ஆபீசுக்குப் போவதற்காக உடை உடுத்தி, நூலகத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டிய புத்தகங்களை எடுத்துக் கொண்டிருந்தார். படிக்கட்டில் பல பேர் ஏறி வரும் சத்தம் கேட்டது. சுமார் ஒரு டஜன் பார்சிகள். வாட்டசாட்டமான ஆட்கள். ஆளுக்கு ஒரு கம்பு. யார் நீ, எப்படி இங்கே வந்தாய், பார்சிப் பெயரை எப்படிப் போட்டாய், சத்திரத்தைத் தீட்டுப்படுத்தி விட்டாய் என்று கேள்வி மேல் கேள்வி. அம்பேத்கார் பதில் பேசவில்லை. பேசினால் உயிர் இருக்காது என்று தோன்றியது. ஒரு வாரம் தவணை கேட்டார். சாயங்காலத்துக்குள் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் நடப்பது வேறு என்று எச்சரித்து விட்டுப் போனார்கள்.

சர்க்கார் பங்களாவுக்கு அவர் ஏற்கெனவே மனுப் போட்டிருந்தார். மனு எங்கேயோ கிடந்தது. (மனு நகராத கதை எல்லா ஆபீசுக்கும் பொது.) இந்து நண்பர் ஒருவரிடம் போனார். அவர் வருத்தப்பட்டார், கோபப்பட்டார். ஆனால் நீ என் வீட்டுக்கு வந்தால் வேலைக்காரர்கள் போய் விடுவார்களே என்றார். அடுத்து ஒரு கிறிஸ்தவ நண்பர். பிராமணக் குடும்பத்தில் இருந்து மதம் மாறியவர். மனைவி நாளைக்குத்தான் ஊரில் இருந்து வருகிறாள், அவளைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றார். அந்த அம்மாள் பழைய ஆசாரம் விடாதவர் என்பது அம்பேத்காருக்குத் தெரியும். கேட்டாலும் பதில் என்ன வரும் என்பதும் தெரியும்.

அப்போது மணி மாலை 4. பம்பாய் வண்டி ராத்திரி 9 மணிக்கு. இனி பரோடா வேண்டாம் என்று முடிவு செய்தார்.

இடையில் ஐந்து மணி நேரம். சத்திரத்துக்குப் போக முடியாது. நண்பர் வீட்டுக்கும் போக முடியாது. ஊரின் ஓரத்தில் இருந்த காமதி பாக் என்ற பூங்காவுக்குப் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் தோன்றாமல், கொஞ்ச நேரம் துக்கத்தோடு இருந்தார். தாயையும் தந்தையையும் நினைத்துக் கொண்டார். இருவரும் உயிரோடு இல்லை. 8 மணிக்கு எழுந்து, வண்டி பிடித்துச் சத்திரம் போய்ச் சாமான்களை இறக்கினார். காவலர் வெளியே வந்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கணக்கைத் தீர்த்தார். காவலர் பேசாமல் வாங்கிக் கொண்டார்.

ராஜினாமாக் கடிதத்தை ராத்திரி கோபத்தில் எழுதி, காலையில் பிள்ளைகள் முகத்தைப் பார்த்துக் கிழித்துப் போடும் கிளார்க்குகள் நாட்டில் ஏராளம். அம்பேத்காருக்கும் பம்பாயில் மனைவி ரமாபாய் இருந்தார், குழந்தை யஷ்வந்த் இருந்தான், சேமிப்பு என்று ஒன்றும் இல்லை. 10 வருஷம் என்று எழுதிக் கொடுத்த கையெழுத்து வேறு. அவ்வளவையும் வைத்துக்கொண்டு ரெயில் ஏறினார். இதைப் பல வருஷம் கழித்து அவரே எழுதினார். அப்போதும் நினைத்தால் கண்ணில் நீர் வருவதாகச் சொல்லி இருக்கிறார். இந்துவுக்குத் தீண்டத்தகாதவன் பார்சிக்கும் தீண்டத்தகாதவனே என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டாராம்.

ஆனால் ஒன்று. பம்பாயில் அவருக்கு உதவியவரும் ஒரு பார்சிதான். கொலம்பியாவில் அவரோடு பழகிய நவல் பத்தேனா. டியூஷன் பிடித்துக் கொடுத்தார். பின்னால் லண்டன் போவதற்குப் பணமும் கடன் கொடுத்தார்.

பங்குச் சந்தையில் பணம் போடுகிறவர்களுக்கு யோசனை சொல்லும் தொழில் ஒன்றும் நடத்திப் பார்த்தார் அம்பேத்கார். சாதி தெரிந்ததும் ஆட்கள் வருவது நின்றது. 1918 நவம்பரில் சிடன்ஹாம் வர்த்தகக் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. நல்ல சம்பளம். அங்கும் ஆசிரியர் அறைப் பானையில் இவர் தண்ணீர் குடிக்கலாமா என்று கிளப்பினார்கள். இந்தத் தடவை அவர் அவசரப்படவில்லை. பரேலில் தொழிலாளர் குடியிருக்கும் சால் வீட்டிலேயே இருந்துகொண்டு, சிக்கனமாகச் செலவு செய்து, பணம் சேர்த்தார். கோலாப்பூர் மகாராஜா சாகு உதவினார். 1920-ல் ராஜினாமா செய்து விட்டு, முன்பு வாங்கிய நாலு வருஷ அனுமதி முடிவதற்குள் லண்டன் போனார். பாரிஸ்டர் ஆகி 1923-ல் திரும்பினார். பொருளாதாரத்தில் டி.எஸ்சி. பட்டமும் பெற்றார். அதன்பின் வக்கீல் தொழில். மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் எடுத்த 1927-ம் வருஷப் போராட்டமும் அதன்பிறகு வந்தவையும் ஊர் அறிந்தது.

மந்திரி பதவியும் போயிற்று

சுதந்திரம் வந்தபோது நேரு மந்திரிசபையில் சட்ட மந்திரி ஆனார். இந்துப் பெண்களுக்குச் சொத்தில் பங்கு, விவாகரத்து உரிமை, ஒருவனுக்கு ஒருத்தி என்று இந்துச் சட்ட மசோதாவைக் கொண்டு வந்தார். நாலு வருஷம் இழுத்தார்கள். 1951 செப்டம்பரில் நாலு ஷரத்து மட்டும் நிறைவேறிய நிலையில் மசோதாவைக் கிடப்பில் போட்டார்கள். செப்டம்பர் 27-ந் தேதி அம்பேத்கார் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். மசோதா மட்டும் காரணம் அல்ல. தாழ்த்தப்பட்டோர் விஷயத்தில் அரசாங்கம் காட்டிய அலட்சியம், வெளிநாட்டுக் கொள்கை, தமக்கு முக்கிய இலாகா தராதது என்று பல குறைகள் அவருக்கு இருந்தன.

அக்டோபரில் பாராளுமன்றத்தில் விளக்கம் சொல்ல எழுந்தார். பிரதியை முன்கூட்டியே கொடுக்க வேண்டும், சாயங்காலம்தான் பேசலாம் என்றார் சபைத் தலைமையில் இருந்த துணை சபாநாயகர். அம்பேத்கார் சபையை விட்டு வெளியேறினார். பேச இருந்ததை அப்படியே பத்திரிகைக்காரர்களிடம் கொடுத்தார். மறுநாள் நாடு முழுவதும் படித்தது. அந்த மசோதா 1955, 1956-ல் நாலு தனிச் சட்டங்களாக நிறைவேறியது.

அடுத்து வந்த பொதுத்தேர்தலில் பம்பாயில் அவர் தோற்றுப் போனார். பிறகு ராஜ்யசபை உறுப்பினர் ஆனார்.

பதவி போனதும் டெல்லியில் சர்க்கார் பங்களாவைக் காலி செய்ய வேண்டி வந்தது. புத்தகங்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு அலிப்பூர் ரோடு 26-ம் நம்பர் வீட்டுக்குக் குடி போனார். 1956 டிசம்பர் 6-ந் தேதி அவர் காலமானது அந்த வீட்டில்தான். பரோடாப் பூங்காவை இப்போது சாயாஜி பாக் என்கிறார்கள். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஆண்டுதோறும் செப்டம்பர் 23-ந் தேதி ஜனங்கள் கூடுகிறார்கள்.