மருத்துவ நூல்களுக்குப் பட்டியல் போட்ட பில்லிங்ஸ்

படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளிக்கு முதுகில் புண் வராமல் காக்க வேண்டும். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது? இப்படி ஒரு சந்தேகம் வந்தால், இன்றைய நர்ஸ் கணினியில் 'பப்மெட்' தளத்தைத் திறந்து, இதை ஆராய்ந்தவர்கள் என்ன கண்டார்கள் என்று தேடிப் பார்க்கலாம். இந்த வசதிக்கு அடித்தளம் போட்டவர், கணினியையே பார்த்திராத ஒரு ராணுவ டாக்டர்!

ஜான் ஷா பில்லிங்ஸ் 1838-ம் ஆண்டு அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பிறந்தார். சிறுவயதில் அகராதியை வைத்துக்கொண்டு தானாகவே லத்தீன் கற்றார். கல்லூரியில் படிக்க வைத்தால் போதும், சொத்து முழுவதும் தங்கைக்கே இருக்கட்டும் என்று அப்பாவிடம் பேரம் பேசினாராம். நல்ல பேரம்தான், இல்லையா?

1860-ல் டாக்டர் பட்டத்துக்காக வலிப்பு நோய் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. முன்னால் வைத்தியம் பார்த்தவர்கள் எழுதி வைத்ததைத் தேடினார். சுமார் ஆறு மாதம் நூலகம் நூலகமாக அலைந்தார். தேவையான நூல்கள் எல்லாம் உள்ள நூலகம் அந்த நாட்டில் ஒன்றுகூட இல்லை. இருந்த நூல்களிலும் எது எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. நோயாளி காத்திருக்கும்போது டாக்டர் ஆறு மாதம் தேட முடியுமா? அந்த வருத்தம் அவர் மனதை விட்டு அகலவில்லை.

உள்நாட்டுப் போரில் ராணுவ டாக்டராகக் காயம்பட்ட வீரர்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1865-ல் வாஷிங்டனில் இருந்த ராணுவத் தலைமை மருத்துவரின் சிறிய நூலகம் அவர் பொறுப்பில் வந்தது. போர்க்கால மருத்துவமனைகளில் மிச்சமான 80,000 டாலரும் கிடைத்தது. அத்தனையும் புத்தகமாயிற்று! சில ஆயிரமாக இருந்த நூல்கள் 30 ஆண்டுகளில் ஒரு லட்சத்தைத் தாண்டின. அந்த நூலகம் பல ஆண்டுகள் இயங்கிய கட்டடம் எது தெரியுமா? ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்ட ஃபோர்டு நாடக அரங்கம்!

பகலில் அலுவலக வேலை. மாலையில் மருத்துவ இதழ்களை வீட்டுக்கு எடுத்துச் சென்று, பட்டியலில் சேர்க்க வேண்டிய கட்டுரைகளைக் குறித்து வைப்பார். உதவியாளர்கள் அவற்றை அட்டைகளில் எழுதுவார்கள். நண்பர் ராபர்ட் பிளெட்சரும் தோள் கொடுத்தார். 1879-ல் 'இன்டெக்ஸ் மெடிகஸ்' என்ற மாதப் பட்டியல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு நூலகத்தின் பெரிய பட்டியலின் முதல் தொகுதி வந்தது. 1895-க்குள் 16 தொகுதிகள்!

பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குத் திட்டம் வகுத்தவரும், நியூயார்க் பொது நூலகத்தின் முதல் இயக்குநரும் இவர்தான். 1913-ல் காலமானார்.

அவர் தொடங்கிய பட்டியல் 1964-ல் கணினிக்கு மாறியது. 1966-ல் நர்சுகளின் இதழ்களுக்கென்றே தனிப் பட்டியல் ஒன்று வந்தது. 1997-ல் இணையத்தில் எல்லோருக்கும் இலவசமானது. இன்று 3 கோடிக்கும் அதிகமான கட்டுரைகளின் விவரம் அதில் இருக்கிறது. ஒருவர் 'படுக்கைப் புண்' என்று எழுதியிருப்பார், இன்னொருவர் 'அழுத்தப் புண்' என்பார். இரண்டையும் ஒரே தலைப்பின்கீழ் சேர்த்து வைத்திருப்பதால், நர்ஸ் எந்தப் பெயரில் தேடினாலும் இரண்டும் கிடைத்துவிடும்.