கோழிக் குஞ்சுப் பெட்டியும் ஒரு டாக்டரும்

கருவி செய்யக் கற்றுக்கொள்ளும் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய டாக்டர் ஒருவர் உண்டு. பெயர் ஸ்டெஃபான் தார்னியே. 1828-ல் பிரான்சில் பிறந்தவர்.

பாரிஸில் மத்தெர்னித்தே என்ற பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். அங்கே பிரசவக் காய்ச்சலில் தாய்மார்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். வீட்டில் பிள்ளை பெறுவதைவிட ஆஸ்பத்திரியில் பெறுவது பல மடங்கு ஆபத்து என்று 1850-களிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். இது ஒட்டுவாரொட்டி, நோய் வந்தவரைத் தனியாக வைங்க என்று வாதாடினார்.

குறைமாதக் குழந்தைகளோ உடம்பில் சூடு தங்காமல் இறந்தன. ஒருநாள் மிருகக்காட்சி சாலையில் முட்டை பொரிக்கும் பெட்டியைப் பார்த்தார். குழந்தைக்கும் இப்படி ஒன்று இருந்தால் என்ன? பெட்டி செய்தவரிடமே சொல்லிச் செய்ய வைத்தார். 1880-களின் தொடக்கத்தில் அது ஆஸ்பத்திரிக்கு வந்தது.

ஆனால் முதல் பெட்டி பெரியது. பல குழந்தைகளை ஒன்றாக வைப்பது. தண்ணீரை வெளியே அடுப்பு வைத்துச் சூடாக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் சூடு ஏறிவிடும்! காப்பாற்ற வந்த பெட்டியே ஆபத்தாகலாம் இல்லையா?

அதனால் எளிதாக்கினார்கள். ஒரு பெட்டிக்கு ஒரு குழந்தை. அடியில் வெந்நீர் ஜாடிகள். ஆற ஆற ஒவ்வொன்றாக மாற்றினால் போதும். ஈரத்துக்கு ஒரு ஸ்பாஞ்சு. மேலே கண்ணாடி மூடி, பக்கத்தில் தெர்மாமீட்டர். காற்று வெளியேறும் வழியில் குட்டிக் காற்றாடி. அது சுற்றினால் உள்ளே காற்று ஓடுகிறது என்று அர்த்தம்.

அவருடைய மாணவர் ஒவார் 1883-ல் முடிவை வெளியிட்டார். 2000 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளில் நூற்றுக்கு 66 பேர் இறந்தது 38-ஆகக் குறைந்தது. தார்னியே 1897-ல் காலமானார்.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. மீட்டரைக் காட்டினால் முழிப்பாங்க. ஆனா காத்தாடி சுத்துதா, நின்னுபோச்சான்னு ஒரு பார்வையில் சொல்லிடுவாங்க. நாளைக்கு நாம் செய்யும் கருவியை ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஒரு நர்ஸ் அக்கா பார்ப்பாங்க. அவங்களுக்குப் புரியாத கருவி எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் பாதுகாப்பானது இல்லை.

டிராயிங் ஷீட்டில் முதல் கோடு போடும்போதே இதை நினைப்போம், நண்பர்களே!