குண்டின் அடியில் ஒரு குழி

கோயில் திருவிழாவில் அதிர்வேட்டு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். இரும்புக் குழாயில் கரிமருந்தைப் போட்டு, அதன் மேல் செங்கல் பொடியைக் கொட்டி, கம்பியால் இடித்து இடித்துக் கெட்டிப்பார்கள். இடித்தது போதாவிட்டால் வேட்டு முழங்காது. புஸ் என்று புகையாகப் போய்விடும். காரியாபட்டியிலிருந்து சிவகாசி வரை பட்டாசு மருந்தோடு பழகிய மக்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. புகைக்கு வழி விட்டால் வேகம் போச்சு!

இந்த ஒரு சங்கதியை வைத்துக்கொண்டு, போர் செய்யும் முறையையே மாற்றிவிட்டார் ஒருவர். அவர் பெயர் க்ளாத் எத்தியேன் மினியே. பிரெஞ்சுப் படை அதிகாரி.

சுத்தியல் அடி

மினியே 1804-ம் ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதி பாரீஸ் நகரில் பிறந்தார். படையில் சேர்ந்து, ஆப்பிரிக்காவில் பிரான்ஸ் நடத்திய போர்களில் பல தடவை பங்கு கொண்டார். படிப்படியாக உயர்ந்து காப்டன் ஆனார்.

அந்தக் காலத்துச் சிப்பாயின் துப்பாக்கி வெறும் வழவழப்பான குழல். வாய் வழியாக மருந்தைக் கொட்டி, உருண்டையான காரீயக் குண்டைப் போட்டு, கம்பியால் தள்ளவேண்டும். குண்டு எளிதாக உள்ளே போகவேண்டுமே என்று குழலைவிடச் சற்றுச் சிறியதாக வார்த்திருப்பார்கள். சுட்டால், மருந்தின் புகை பக்கவாட்டில் நழுவிவிடும். குண்டும் குழலின் சுவரில் முட்டி மோதிக்கொண்டு வெளியே வரும். 100 கஜத்துக்கு அப்பால் நிற்கும் ஆளைக் குறி பார்த்து அடிப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

குழலின் உள்ளே திருகாணிக்கு மரை வெட்டுவதைப் போல வெட்டினால், குண்டு பம்பரம் போலச் சுழன்று நேராகப் போகும். இதுவும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் குண்டு மரையைக் கவ்விப் பிடிக்கவேண்டும் என்றால், அது குழலுக்குள் இறுக்கமாக இருக்கவேண்டும். இறுக்கமான குண்டை வாய் வழியாக இறக்குவது எப்படி? சுத்தியலால் அடித்து அடித்துத்தான் இறக்கவேண்டும். மான் வேட்டைக்குப் போகிறவன் அப்படிச் செய்யலாம். எதிரி ஓடி வரும்போது சிப்பாய் செய்ய முடியுமா?

உள்ளே போகும்போது தளர்வாக இருக்கவேண்டும். வெளியே வரும்போது இறுக்கமாக இருக்கவேண்டும். இதுதான் விடுகதை.

பிரான்ஸில் தெல்வீன், தூவனேன் என்ற இரு அதிகாரிகள் இதற்கு வழி தேடினார்கள். தூவனேன், குழலின் அடியில் ஒரு முளையை நட்டார். குண்டு அதன் மேல் போய் உட்காரும். கம்பியால் ஓங்கிக் குத்தினால் குண்டு நசுங்கி விரிந்து மரையைப் பிடிக்கும். நல்ல யோசனைதான். ஆனால் முளையைச் சுற்றிக் கரி அடைத்துக்கொண்டது. துடைப்பதற்குள் சிப்பாய்க்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

தென்னாட்டு ஊதுகுழல்

இந்த விடுகதைக்கு விடை நம் தென்னிந்தியாவில் இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

மினியேக்கு முன்னரே, ஆங்கிலப் படையின் 34-வது ரெஜிமெண்டைச் சேர்ந்த காப்டன் ஜான் நார்ட்டன் தென்னிந்தியாவுக்கு வந்திருந்தார். இங்கே வேட்டைக்காரர்கள் வாயால் ஊதி அம்பு விடும் குழலை அவர் பார்த்தார். சுங்குத்தான் குழல் என்று நம்மவர்கள் சொல்வது அதைத்தான். அம்பின் அடியில் தாமரைத் தண்டின் நெட்டி வைத்திருந்தார்கள். மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளின் கழுத்தில் கட்டும் நெட்டிமாலை தெரியுமல்லவா? அதைப் போன்ற மெத்தென்ற பொருள். ஊதியதும் நெட்டி விரிந்து குழலை அடைத்துக்கொள்ளும். மூச்சுக் காற்று துளிகூட வீணாகாது.

காரீயக் குண்டின் அடியையும் குடைந்துவிட்டால் இப்படியே விரியுமே என்று நார்ட்டனுக்குத் தோன்றியது. செய்தும் காட்டினார். குண்டு என்றால் உருண்டையாகத்தான் இருக்கவேண்டும் என்று சொல்லி லண்டனில் அதைத் தள்ளிவிட்டார்கள் என்கின்றன ஆயுத வரலாற்று நூல்கள். கிரீனர் என்ற ஆங்கிலத் துப்பாக்கித் தொழிலாளி 1835-ல் இதே போன்ற குண்டு ஒன்றைச் செய்தார். அவருக்கும் ஆதரவு கிடைக்கவில்லை. ஊதுகுழல் செய்த நம் வேட்டைக்காரரின் பெயரை எழுதி வைத்தவர் எவரும் இல்லை.

மினியே செய்தது என்ன?

1849-ல் மினியே தம் குண்டைச் செய்து முடித்தார். உருண்டை இல்லை, முனை கூம்பிய நீளக் குண்டு. அடியில் ஒரு குழி. குழியின் வாயில் சின்ன இரும்புக் கிண்ணம். சுட்டவுடன் மருந்தின் வேகம் கிண்ணத்தை உள்ளே தள்ளும். குண்டின் அடிப்பாகம் பாவாடை போல விரிந்து மரையைக் கவ்வும். சைக்கிள் பம்ப்பைக் கழற்றிப் பாருங்கள். தோல் வாஷர் காற்றின் அழுத்தத்தில் விரிந்து குழாயை அடைக்கிறதே, அதே வேலை!

இதற்குக் காரீயம் மிருதுவாக இருக்கவேண்டும். சிவகாசி அச்சகங்களில் ஒரு காலத்தில் கோத்த ஈய எழுத்துகள் மிருதுவானவை அல்ல. காரீயத்தோடு ஆண்டிமனியும் வெள்ளீயமும் சேர்த்துக் கடினமாக்கியவை. அந்தக் கலவையில் வார்த்தால் மினியே குண்டு விரியாது. தானே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் இந்தக் காலப் பெரிய துப்பாக்கிகளுக்குக் குண்டு வார்ப்பவர்களோ கடினமான கலவையைத் தேடுகிறார்கள். வேகம் அதிகமானால் மிருதுவான காரீயம் குழலில் ஒட்டிக்கொள்ளும்.

மினியேயின் குண்டிலும் ஒரு கோளாறு இருந்தது. சில சமயம் இரும்புக் கிண்ணம் குண்டைத் துளைத்துக்கொண்டு போய்விடும். காரீய வளையம் குழலிலேயே சிக்கிக்கொள்ளும். அமெரிக்காவில் ஜேம்ஸ் பர்ட்டன் என்பவர் கிண்ணமே தேவையில்லை என்று காட்டினார். குழி மட்டும் போதுமாம்!

பிரெஞ்சு அரசாங்கம் மினியேக்கு 20,000 பிராங்க் கொடுத்து, வின்சென் ராணுவப் பள்ளியில் வேலையும் கொடுத்தது. நார்ட்டனைத் தள்ளிவிட்ட அதே ஆங்கில அரசாங்கம் மினியேக்கு 20,000 பவுன் கொடுத்தது.

எலும்பு முறிந்தது

300, 400 கஜத்துக்கு அப்பால் இருந்தும் இனிச் சாதாரணச் சிப்பாய் ஆளைக் குறி பார்க்கலாம். 1854-ல் கிரிமியப் போரில், நெருங்கி அணிவகுத்து வந்த ரஷ்யச் சிப்பாய்கள் அதை அனுபவித்தார்கள்.

1861 முதல் 1865 வரை அமெரிக்கர்கள் தங்களுக்குள் போரிட்டபோது இரு தரப்பும் இதைத்தான் சுட்டன. அவர்கள் இதை ‘மினி பால்’ என்றார்கள். மினி பஸ் போலச் சின்னது என்று நினைக்காதீர்கள். குறுக்களவு ஏறக்குறைய 15 மில்லி மீட்டர். நம் ராணுவத்தின் இன்சாஸ் துப்பாக்கிக்கு 5.56 மில்லி மீட்டர்தான். கனமான, மிருதுவான அந்தக் காரீயம் எலும்பில் பட்டதும் தட்டையாகி, எலும்பைத் தூள் தூளாக்கியது. டாக்டர்களுக்குக் கையையும் காலையும் வெட்டி எடுப்பதே வேலையாகிவிட்டது.

நம் நாட்டில் நடந்தது வேறு. குழியுள்ள குண்டைச் சுடும் என்ஃபீல்டு துப்பாக்கியை ஆங்கிலேயர் இங்கே கொண்டு வந்தார்கள். மருந்தும் குண்டும் ஒரு காகிதக் குழலில் இருக்கும். அதன் நுனியைப் பல்லால் கடித்துக் கிழிக்கவேண்டும். குண்டு வழுக்கி இறங்குவதற்காகக் காகிதத்தின் மேல் கொழுப்புத் தடவுவார்கள். அது பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் கிளம்பியது. மார்ச் 29-ந் தேதி பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்கினார். மே 10-ந் தேதி மீரட் எரிந்தது. சிப்பாய்களுக்கு வேறு குறைகளும் நிறைய இருந்தன. ஆனாலும் தீப்பொறி அந்தக் காகிதம்தான். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பு, 1806-ல், வேலூரில் புதிய தலைப்பாகையைத் திணித்துக் கெட்டுப்போன ஆங்கிலேயர், அதிலிருந்து ஒன்றும் கற்கவில்லை போலும்.

கடைசி நாட்கள்

மறுவருஷம், 1858-ல், மினியே கர்னல் பதவியோடு ஓய்வு பெற்றார். சும்மா இருக்கவில்லை. எகிப்து மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்தார். பிறகு அமெரிக்காவில் ரெமிங்டன் துப்பாக்கிக் கம்பெனியில் மானேஜராக இருந்தார்.

அதற்குள் காலம் மாறிவிட்டது. வாய் வழியாகக் குண்டு போடும் துப்பாக்கியே போய், பின்பக்கத்தைத் திறந்து தோட்டாவை வைக்கும் துப்பாக்கி வந்தது. பித்தளைத் தோட்டாவே புகையை அடைத்துக்கொண்டது. 1866 முதல் ஆங்கிலேயர் தங்கள் பழைய என்ஃபீல்டுகளின் பின்பக்கத்தை வெட்டிக் கதவு வைத்தார்கள். எந்தத் தொல்லைக்காக மினியே குண்டைக் குடைந்தாரோ, அந்தத் தொல்லை ஒழிந்தது.

1879-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி, 75-வது வயதில், பாரீஸில் அவர் காலமானார்.